எங்கிருந்து அளக்கிறோம்

புதுச்சேரியில் 1990-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் கருங்கல். காந்தி சிலைக்கு எதிரே பாறைமேல் உட்கார்ந்து, அலை கல்லில் மோதிச் சிதறுவதைப் பார்த்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவதைத்தான் ‘பீச்சுக்குப் போய் வந்தேன்’ என்று சொல்லி அவர்கள் வளர்ந்தார்கள். அது அவர்கள் குற்றமில்லை. கண் திறக்கும்போது எது இருக்கிறதோ அதுவே ஆதியிலிருந்து இருந்ததாக எண்ணுவது மனித இயல்பு. என் வயதுக்காரர்கள் ‘இங்கே மணல் கிடந்ததப்பா, விளையாடியிருக்கிறோம்’ என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மனதுக்குள் அதைத் தாத்தா பாட்டி கதைகளோடு சேர்த்து வைத்துவிடுவார்கள்.

எங்கள் கதைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெயிலில் தண்ணீரைத் தொடுவதற்குள் கால் சுட்டுவிடும், அவ்வளவு அகலம் என்பார் ஒருவர். அதெல்லாம் இல்லை, முப்பது நாற்பது எட்டு வைத்தால் அலை வந்துவிடும் என்பார் இன்னொருவர். இருவரும் அதே காலத்தில் அதே மணலில் நின்றவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கோடையில் போயிருப்பார், மற்றவர் மழைக்காலத்தில் போயிருப்பார். போதாததற்கு, நினைவு என்பது வயது ஏற ஏற நல்லவற்றைக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். முதியவர்களிடம் இளையவர்கள் எதிர்பார்ப்பது நினைவைத்தான். அதைத் தயங்காமல் தரலாம். ஆனால் இழப்பைப் பற்றிப் பேசும்போது நினைவு மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதை நான் இந்தக் கடலிடமிருந்துதான் கற்றேன். அளவு சொல்லும்போது எங்கிருந்து அளந்தோம், எதுவரை அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு பாடத்தை இளையவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மணலின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். கரையில் கிடக்கும் மணல் அங்கேயே கிடப்பதல்ல. சோழமண்டலக் கரையில் மாசி பங்குனி தொடங்கி ஐப்பசி வரை அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. சாய்ந்து வந்து மோதும் ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டுத்தான் திரும்புகிறது. கார்த்திகை, மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும்போது இது திரும்பி, மணல் தெற்கே நகர்கிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம், தெற்கே தள்ளும் மாதங்கள் குறைவு. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் பெருமளவு மணல் வடக்கு நோக்கிப் போயிருக்கும். வந்தது போகும், போன இடத்துக்குத் தெற்கிலிருந்து புதிது வரும். வரவும் செலவும் நேராக இருக்கும்வரை கரை தன் இடத்தில் நிற்கும்.

இந்த வழியில் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டி அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. அந்தக் குவிந்த மணலின் ஓரத்தில்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து 1884-ல் மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்தது. உலகமே பார்த்து வியக்கும் மெரினாவும் வடசென்னை மீனவர் இழந்த கரையும் ஒரே சுவர் செய்த இரண்டு வேலைகள். மெரினாவைப் புகழ்ந்து பேசும் பலருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

புதுச்சேரிக்கு அந்தச் சுவர் நூறாண்டுக்கும் மேல் கழித்து வந்தது. அதற்கு முன் இங்கே கப்பல் சரக்கை இறக்கியது பாலத்தில். பிரெஞ்சுக்காரர் காலத்து இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. பிறகு கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022-ல் இடிந்து விழுந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலங்கள் தூண்களின் மேல் நின்றவை. தூண்களுக்கு இடையே தண்ணீரும் போனது, மணலும் போனது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி, இரண்டு பக்கமும் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டியபோதுதான் மணலின் பாதை அடைபட்டது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போடும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. திட்டம் போட்டவர்களுக்கு மணலின் போக்கு தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தேவைப்பட்ட அளவுக்கு, ஆண்டு தவறாமல் அது நடக்கவில்லை. தெற்குச் சுவருக்கு அப்பால் மணல் சேர்ந்தது, நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போனது. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கல்தான் இன்றைய பிள்ளைகளின் கடற்கரை.

இது நடப்பதற்குச் சற்று முன்னதாகவே, வேறு எதற்காகவோ, வானத்தில் ஒரு கண் திறந்திருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. ஐந்தாவது லேண்ட்சாட் 1984 மார்ச்சில் மேலே போனது. மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய அந்தச் செயற்கைக்கோள் 2013 வரை 16 நாளுக்கு ஒருமுறை ஒரே பாதையில் திரும்பி வந்தது. துறைமுகத்துக்கு முன்னால் நம் கரை எப்படி இருந்தது என்பதையும் அது பார்த்திருக்கிறது, சுவர் முளைத்ததையும் பார்த்திருக்கிறது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச்சில் அதனோடு சேர்ந்துகொண்டது. ஐரோப்பியர்களின் சென்டினல்-2 வரிசை 2015-ல் தொடங்கியது. லேண்ட்சாட் படங்களை முன்பு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2008 முதல் அவை எல்லாருக்கும் இலவசம். குப்பத்துப் பிள்ளை ஒருவன் கணினி முன் உட்கார்ந்து, தன் தகப்பனார் வலை இழுத்த மணல் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்க இன்று யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அப்படித் தேடிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் புவியியல் ஆசிரியராக இருந்தவன். என்னிடம் படித்தவர், வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, இப்போது செயற்கைக்கோள் படங்களை ஆராயும் வேலையில் இருக்கிறார். ஊருக்கு வரும்போது என்னைப் பார்க்காமல் போகமாட்டார். லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்பதை எனக்கு அவர் விளக்கிய விதம் மறக்க முடியாதது.

“சார், கணக்குப் போட்டுப் பாருங்க, இருபத்திரண்டு சென்ட்டு வருது. எங்க வீட்டு வாசல், வலை காயப்போட்ட மணல், அப்பாவோட கட்டுமரம், அலை, எல்லாமே இந்த ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே நிறம்தான் குடுக்கும்.”

இருபத்திரண்டு சென்ட் நிலத்தை ஒரே நிறமாகப் பார்க்கும் கண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நகரும் கரையை எப்படி அளப்பது என்று கேட்டேன். இதற்கு வந்த பதில்தான் எனக்குப் பெரிய கல்வி. ஒற்றைப் படம் பொய் சொல்லலாம். ஒரே இடத்தை முப்பது நாற்பது ஆண்டுகளில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வு பொய்யில்லை.

வேலை இப்படி நடக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், உலர்ந்த மணல் திருப்பி அனுப்பும். ஆகவே அந்த ஒளியில் எடுத்த படத்தில் கடல் கறுப்பாகவும் மணல் வெளுப்பாகவும் கிடக்கும். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீருக்கு ஒரு குறியும் நிலத்துக்கு எதிர்க்குறியும் வரும். மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட வழி இது. இரண்டு குறிகளும் மாறுகிற இடம்தான் கரைக்கோடு. பாதி மணலும் பாதி நீருமாய் இருக்கும் புள்ளியை அப்படியே விட்டுவிடாமல், எத்தனை பங்கு மணல் என்று கணித்துப் புள்ளிக்குள்ளேயே கோட்டை வளைத்து வரைகிறார்கள். நல்ல மணற்கரையில் இப்படிச் செய்தால் பிழை ஏறக்குறைய 10 மீட்டருக்குள் வந்துவிடுகிறது. சென்டினல் படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட்தான், அரை மனையைவிடக் கொஞ்சம் குறைவு.

இதற்கும் மேலே பொறுமை வேண்டிய இடங்கள் உண்டு. அலை நுரை வெளுப்பாகத் தெரிந்து மணல் என்று ஏமாற்றும். ஈரமணல் நீர் என்று ஏமாற்றும். ஓதம் ஏறியிருக்கும் வேளையில் படம் எடுத்தால் கரை உள்ளே வந்ததுபோல் காட்டும். நம் ஊரில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், ஓதம் அரை மீட்டர் ஏறினாலே கோடு 5 மீட்டர் நகர்ந்துவிடும். அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பருவம் அதைவிட முக்கியம். வாடைக்காலத்து அலை கரையை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்து வைக்கும், கோடையில் அதே மணலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். தை மாதப் படத்தையும் ஆடி மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இவ்வளவு கரை போய்விட்டது’ என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். தையைத் தையோடு ஒப்பிட வேண்டும், ஆடியை ஆடியோடு.

எல்லாக் கோடுகளும் தயாரான பிறகு, கரைக்குப் பின்னால் நிலத்தின் மேல் நகராத ஓர் அடிப்படைக் கோட்டை வரைகிறார்கள். அதிலிருந்து கடலை நோக்கி 50 மீட்டருக்கு ஒன்றோ 100 மீட்டருக்கு ஒன்றோ குறுக்குக் கோடுகள் போடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டின் கரைக்கோடும் அந்தக் குறுக்குக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று குறித்துக்கொண்டே போகிறார்கள். பிறகு வேகம் கணிக்க இரண்டு வழிகள். முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் எடுத்து, இடையே உள்ள தூரத்தை ஆண்டுகளால் வகுப்பது ஒரு வழி. சுலபமானது, அதனால் அதிகம் பேர் செய்வது. நடுவில் உள்ள எல்லா ஆண்டுகளையும் சேர்த்து, அவற்றின் ஊடே பொருந்திப் போகும் ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. முதல் படம் புயலுக்கு மறுவாரம் எடுத்ததாக இருந்தால் முதல் வழி முழுக்கத் தவறிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடந்த பிறகு எடுத்த படத்திலிருந்து அளக்கத் தொடங்கினால், எந்தக் கரையும் தேறிவிட்டதாகத்தான் காட்டும்.

இதைக் கேட்டபோது என் மனம் வகுப்பறைக்குப் போய்விட்டது. பள்ளியில் ஒரு பிள்ளையை நாங்கள் பெரும்பாலும் முதல் வழியில்தான் அளந்தோம். சேரும்போது எடுத்த மதிப்பெண், போகும்போது எடுத்த மதிப்பெண். நடுவில் தகப்பன் கடலில் போன ஆண்டு இருக்கும். தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக, தம்பி தங்கைக்குச் சோறு பொங்கிவிட்டுப் பள்ளிக்கு வந்த ஆண்டு இருக்கும். எல்லாவற்றையும் மீறி வகுப்பிலேயே முதலாவதாய் நின்ற ஒரு காலாண்டுத் தேர்வு இருக்கும். சான்றிதழில் அவை எதுவும் இல்லை. குடும்பங்களிலும் இதுதான். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடந்த நாளில் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் புள்ளிகளையும் எடுங்கள் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒரு மனிதரைப் பற்றி முடிவு சொல்லுமுன், நடுவில் உள்ள ஆண்டுகளில் அவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள்.

புதுச்சேரிக் கரைக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இனிமேல்தான் வருகிறது. மாணவர் தன் கணினியில் நகரத்துக்கு முன்னால் உள்ள பகுதியைக் காட்டினார். கல் கொட்டிய பிறகு எடுத்த படங்களில் கரைக்கோடு ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ஒரே கோடுபோல் நின்றது. கணக்குப்படி மாற்றம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரைபடத்தில் நிறம் தீட்டினால் அது ‘நிலையான கரை’ என்ற நிறத்தைப் பெறும்.

“மேல இருந்து பார்த்தா இங்க ஒண்ணுமே நடக்கல, சார். கல்லுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு இந்தப் படம் சொல்லாது.”

மணலே இல்லாத கரை, அலை நேராகக் கல்லில் அறைந்து திரும்பும்போது அடிமணலையும் தோண்டிக்கொண்டு போகும் கரை, ஆண்டுதோறும் கல் சரிந்து மறுபடி கொட்ட வேண்டிய கரை, வரைபடத்தில் நிலையான கரை. அசையாமல் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை. வீடு போன அன்றும் அழாமல், வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த குப்பத்துப் பெண்களை நான் அறிவேன். அவர்களைப் பார்த்து ‘தைரியமாக இருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எவ்வளவு எளிது!

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியக் கரை முழுவதையும் அளந்திருக்கிறது. நாட்டின் நிலப்பகுதிக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது, 26.9 விழுக்காட்டில் மணல் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரிப்பு 42.7 விழுக்காடு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 56.2. மேற்கு வங்கத்தில் மட்டுமே இதைவிட அதிகம். நல்ல, பெரிய உழைப்பு. இந்த எண்களை மேடையில் சொல்கிறவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். தொடக்க ஆண்டு 1990 என்றால், துறைமுகச் சுவர் அதற்கு முன்பே எழுந்துவிட்டதல்லவா? கல் போட்ட கரையை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? ஆய்வைக் குறைசொல்ல அல்ல, எண்ணைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்விகள். கேட்டுப் பழகினால் விழுக்காடு என்பது வெறும் எண்ணாக இல்லாமல் ஓர் ஊராகத் தெரியத் தொடங்கும். துறைமுகம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். தென்பெண்ணையில் 1958-ல் சாத்தனூர் அணை வந்தது. ஆறுகளில் மணல் அள்ளினோம். கடலுக்கு வர வேண்டிய மணல் நாட்டுக்குள்ளேயே நின்றுபோனது. ஆனால் நகரத்துக்கு நேர் எதிரே மணல் போனதற்கு முதல் காரணம் தெற்கே நிற்கும் சுவர்தான்.

நகரத்தைக் காத்த கல் வடக்கே என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கல்வரிசை நகரத்துக்குள் ஆழிப்பேரலை புகாமல் தடுத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே காலையில் கல்லும் மணல்மேடும் இல்லாத குப்பங்களில் உயிர்கள் போயின. கல்வரிசை முடிகிற இடத்தில்தான் அடுத்த ஊரின் அரிப்பு தொடங்குகிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கும் கல் போட்டால் அதற்கு அடுத்த கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம். அங்கே தூண்டில் வளைவு என்று சொல்லிக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினால் அதற்கு வடக்கே முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. தலைமடைக்காரன் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வயல் காய்கிறது என்பது நம் உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணலுக்கும் தலைமடை கடைமடை உண்டு. இங்கே தலைமடை நகரம், கடைமடை குப்பங்கள்.

இந்த ஊர்ப்பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள். சோலை நகர் வரை புதுச்சேரி. கோட்டக்குப்பம் தமிழ்நாடு. தந்திராயன்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரி. அதற்கு வடக்கே மறுபடி தமிழ்நாடு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டையிட்டும் சமாதானமாகியும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்ட நிலம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோதும் எல்லைக்கோடு அப்படியே நம்மிடம் வந்தது. மணலுக்கு அந்தக் கோடு தெரியாது, செயற்கைக்கோள் படத்திலும் அது இல்லை. ஆனால் கோப்புகளில் இருக்கிறது. ஒரு பக்கம் வரைந்த திட்டத்தில் வரைபடம் எல்லையோடு நின்றுவிடும், மறுபக்கம் வரும் அரிப்பு வேறொரு துறையின் வேறொரு கோப்பில் இன்னொரு கதையாகத் தொடங்கும். பாண்டிகேன் என்ற புதுச்சேரிக் குடிமக்கள் அமைப்பினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதன் சாரம், கரையை ஊர் ஊராகப் பார்க்காதீர்கள், ஒன்றாகப் பாருங்கள் என்பதுதான்.

அந்தக் குப்பங்களில் போனது வீடு மட்டுமல்ல. கரைவலை இழுக்க நீண்ட, அகன்ற மணல் வேண்டும். இருபுறமும் ஆட்கள் வரிசையாய் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க இடம் வேண்டும். கட்டுமரத்தைக் கரையேற்ற, வலையை உலர்த்த, மீனைக் கொட்டி ஏலம் விட இடம் வேண்டும். கல்லின்மேல் இவற்றில் எதையும் செய்ய முடியாது. கடலோரத்திலேயே வாழ்ந்தும் படகை வேறோர் ஊர்க் கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவர்களானார்கள் பலர். என் மாணவரின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். இதை எந்தச் செயற்கைக்கோளும் அளக்காது. கேட்டு எழுதிவைத்தால்தான் உண்டு.

2018 வாக்கில் நகரத்துக்கு ஒரு நல்லது நடந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு பெரிய எஃகுக் கட்டுமானத்தை மூழ்கடித்து வைத்தார்கள். அலை கரைக்கு வருமுன் அதன்மேல் உடைந்து வேகம் தணியும். முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட்டார்கள். காந்தி சிலைக்கு அருகே மணல் மறுபடி தோன்றியது. ஒரு தலைமுறையே மணலில் கால் வைக்காமல் வளர்ந்த ஊரில் குழந்தைகள் மணல்வீடு கட்டியதை நான் கண்ணாரக் கண்டேன். அந்த மகிழ்ச்சியில் நான் எந்தக் குறையும் காணமாட்டேன். இழந்தது திரும்பி வர முடியும் என்று ஓர் ஊருக்குத் தெரிவதே பெரிய விஷயம்.

ஆனால் அந்த மணலைப் பார்த்து ‘கடற்கரை வளர்ந்துவிட்டது’ என்று ஓர் இளைஞர் சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பேன். 2017-லிருந்து அளந்தால் வளர்ந்திருக்கிறது. 1984-லிருந்து அளந்தால் இழந்ததில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. காந்தி சிலையோடு அளவை நிறுத்தினால் ஒரு விடை, காலாப்பட்டு வரை கொண்டுபோனால் வேறு விடை. இனி எவரேனும் கடலில் ஒரு கல் வைக்கப் போவதாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், எழுந்து நின்று வரைபடத்தின் வடக்கு எல்லை எது என்று கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் எடுத்த படம் என்று கேளுங்கள். வைத்த பிறகு எத்தனை ஆண்டு அளப்பீர்கள், அளந்ததை எங்கே வெளியிடுவீர்கள் என்றும் கேளுங்கள்.

நம் வீடுகளில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வைத்திக்குப்பத்தில் ஆண்டுதோறும் மாசி மகத் தீர்த்தவாரி நடக்கிறது. மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகளும் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து வந்து கடலாடிப் போகிறார்கள். அன்று படம் எடுக்காத குடும்பம் இந்த ஊரில் குறைவு. கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து எடுத்திருப்போம். சாமியைத்தான் எடுத்தோம், ஆனால் பின்னால் மணலும் அலையும் விழுந்திருக்கும். இதன் அருமையை என் மாணவரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆண்டுதோறும் ஒரே இடம், ஒரே மாதம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. பௌர்ணமியன்று ஒரு துறையில் ஓதம் உச்சம் தொடும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே காலை பத்து மணிக்கு எடுத்த படத்தை இன்னோர் ஆண்டின் காலை பத்து மணிப் படத்தோடு வைத்துப் பார்த்தால், பருவமும் ஓதமும் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் கழிக்கும் இரண்டு பிழைகளை நம் பஞ்சாங்கமே கழித்துக் கொடுத்திருக்கிறது.

ஆகவே ஆல்பங்களை எடுங்கள். படத்தில் இன்றும் நகராமல் நிற்கும் ஒன்று, ஒரு கோயிலோ மதில் மூலையோ, தெரிகிறதா என்று பாருங்கள். அதிலிருந்துதான் அளக்க முடியும், அதையேதான் செயற்கைக்கோள் படத்திலும் கண்டுபிடிக்க முடியும். பெரியவர்களிடம் கேட்டு ஆண்டையும், எங்கே நின்று எடுத்தது என்பதையும், ஏறக்குறைய நேரத்தையும் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் யாருடைய கல்யாணத்துக்கு முன், யார் பிறந்த பின் என்று எழுதினாலும் போதும், மற்றப் படங்களோடு வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த மாசியில் அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து, புதிதாக ஒரு படம் எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். கோட்டக்குப்பத்திலும் முதலியார்சாவடியிலும் பிள்ளைச்சாவடியிலும் உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டு ஆல்பங்களையும் கேட்டு வாங்குங்கள். நகரத்துப் படங்கள் மட்டும் போதாது.